பார்லர் சரக்கை வீட்டுக்கு விற்பது: ஒரு நெயில் கடைக்காரியின் அனுபவம்

சென்னை புரசைவாக்கத்தில் நெயில் பொருட்கள் மொத்தமாக விற்கும் சின்னக் கடை எங்களுடையது. ஜெல் பாலிஷ், லேம்ப், டிப்ஸ், அக்ரிலிக் பவுடர், டிரில் மெஷின், ஃபைல், அசிட்டோன் என்று பார்லர்காரர்களும், வீட்டிலிருந்தே நெயில் ஆர்ட் செய்யும் பெண்களும் வாங்கும் சரக்கு. "பொதுமக்களுக்கும் குடுப்பீங்களா?" என்ற கேள்வி போனில் வந்துகொண்டே இருக்கும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் கேட்பதும் இதேதான். யாருக்கு விற்கலாம், யாருக்கு மறுக்கலாம், நாம் மறுத்தாலும் ஆன்லைனில் வாங்கத்தானே போகிறார்கள், அப்புறம் வரும் வியாபாரத்தை எதற்கு விடணும் என்று. எனக்கு இதில் ஒரு முடிவான கருத்து இருக்கிறது, ஆனால் அதை ஒரு வரியில் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பொதுமக்கள் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தது 2020 ஊரடங்கில். பார்லர்கள் மூடிக் கிடந்தன, பார்லர்களை மட்டுமே நம்பியிருந்த எங்களுக்கு வரவு நின்றுவிட்டது. அதே நேரம் ஊரடங்குக்கு முன்னால் ஜெல் போட்டுக்கொண்ட பெண்கள் அதை எடுக்க வழி தெரியாமல் போன் செய்தார்கள். அப்போது விற்றது அசிட்டோனும் ஃபைலும்தான். அடுத்து வீடியோ பார்த்துவிட்டு லேம்ப் கேட்டார்கள், கலருக்கு அடியில் போடும் பேஸ் கோட் கேட்டார்கள், பார்லர்கள் திறந்த பிறகும் அந்தக் கூட்டம் குறையவில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பார்லருக்கென்று தயாராகும் பாட்டில், அதைத் திறப்பவருக்குச் சில விஷயங்கள் ஏற்கெனவே தெரியும் என்று நம்பித் தயாராகிறது. அந்த விஷயங்களை கவுன்டரில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்க முடியுமா? முடிந்தால் விற்கிறேன். முடியாதென்றால் எவ்வளவு லாபம் இருந்தாலும் அது உள் அலமாரியிலேயே இருக்கும்.

முதலில் பார்லர்காரர்களின் கோபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதுக் கடைக்காரர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். பல வருடமாக எங்களிடம் வாங்கும் ஒரு பார்லர் அக்கா கடைக்கே வந்து கேட்டார். "ஏம்மா, உன்கிட்ட வாங்கித்தான் நாங்க அவங்களுக்குப் போடறோம். நீ அவங்களுக்கே நேரா குடுத்துட்டா நாங்க எதுக்கு?" அவர் சொன்னதில் பாதி சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வீட்டில் ஜெல் போட்டுப் பார்க்கும் பெண் கல்யாணம், நிச்சயதார்த்தம் என்றால் பார்லருக்குத்தான் போகிறாள், அதனால் வாடிக்கையாளரைப் பிடுங்கிவிட்டோம் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் விலை விஷயத்தில் அக்கா சொன்னது முழுக்க நியாயம். பார்லரில் ஜெல் பாலிஷுக்கு 800 ரூபாய் வாங்குகிறார்கள். அதே பிராண்டு பாட்டிலை எங்கள் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் டீலர் ரேட்டோடு பார்த்த பெண், அடுத்த முறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே "பாட்டிலே இவ்வளவுதானே, நீங்க ஏன் இவ்வளவு வாங்கறீங்க" என்று கேட்பாள். பார்லர் வாடகை, ஏசி கரண்ட், இரண்டு மணி நேர வேலை இதெல்லாம் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

அதனால் கடையில் டீலர் ரேட் எங்கேயும் எழுதி இருக்காது, ஸ்டேட்டஸிலும் போகாது. அலமாரியில் தெரிவது எம்.ஆர்.பி. மட்டும், தொழில் செய்பவர்களுக்கான தள்ளுபடி அவர்கள் போன் நம்பரில் இருக்கும் கணக்கில், பில் போடும்போதுதான் விழும். பொதுமக்கள் எம்.ஆர்.பி.யில் வாங்கிக்கொள்ளலாம், பண்டிகை நேரத்தில் கொஞ்சம் குறைப்போம், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், தொழில் செய்பவர் என்பதற்கு ஆதாரமாக ஜி.எஸ்.டி. நம்பர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சேவைத் தொழிலில் வருடம் 20 லட்சத்துக்குள் வரவு இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயமில்லை, வீட்டு ஹாலில் மேஜை போட்டு வேலை செய்யும் பெண்களில் யாரிடம் அது இருக்கப்போகிறது? சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் போதும், மாநகராட்சி லைசென்ஸ் போதும், நெயில் கோர்ஸ் சான்றிதழ் போதும். அதுவும் இல்லையென்றால் அவர்கள் செய்த வேலையின் போட்டோவைக் காட்டச் சொல்வேன், நகம் முளைக்கும் இடத்துத் தோலான க்யூட்டிகிளின் ஓரத்தைப் பார்த்தாலே ஆள் தேறுமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பார்லர்களோடு சமாதானம் உண்டாக்கியது இது எதுவுமில்லை, ஒரு சின்னப் பெட்டி. ஜெல் எடுக்கத் தெரியாமல் வரும் பெண்களை அந்தந்த ஏரியா பார்லருக்கே அனுப்பிவைக்கிறேன், அவர்களின் விசிட்டிங் கார்டுகள் கவுன்டரில் அந்தப் பெட்டியில் இருக்கும். சண்டைக்கு வந்த அக்காவின் கார்டும் அதில் இருக்கிறது.

சரி, சரக்குக்கு வருவோம்.

ஜெல் பாலிஷ் சாதாரண நெயில் பாலிஷ் மாதிரி காற்றில் காய்வதில்லை. அதில் இருப்பது அக்ரிலேட், மெத்தக்ரிலேட் வகை மூலக்கூறுகள், லேம்ப் வெளிச்சம் பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. வெளிச்சம் போதவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைத்தான் வாங்குபவர்கள் புரிந்துகொள்வதில்லை. மேலே பளபளவென்று இருக்கும், தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே வேகாமல் இருக்கும், வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கும் பஜ்ஜி மாதிரி. வேகாத அந்த ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு அலர்ஜி பிடிக்கும். முதல் தடவை ஒன்றும் தெரியாது, பத்தாவது தடவையும் தெரியாமல் போகலாம், திடீரென்று ஒரு நாள் நகத்தைச் சுற்றி அரிப்பு, விரல் நுனியில் வெடிப்பு, நகம் சதையிலிருந்து விட்டுத் தூக்குவது, சிலருக்குக் கண் இமையில்கூடத் தடிப்பு, விரல் முகத்தில் படுகிறது அல்லவா. ஒருமுறை உடம்பு அந்த வேதிப்பொருளை எதிரியாகப் பழகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்பு சிமெண்டிலும் இதே குடும்பத்து வேதிப்பொருட்கள் இருக்கின்றன, சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்களின் பசையிலும் இந்த வகை வருவதுண்டு. நகத்துக்கு ஆசைப்பட்டுப் பல் டாக்டரிடம் பிரச்சினை என்று சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே வீட்டு ஜெல் கிட்களைப் பற்றி இதே எச்சரிக்கையைக் கொடுத்தது.

இதில் அதிகம் பேர் வாங்கிக் கட்டிக்கொள்வது ஹெமா (HEMA) என்ற பொருளிடம். நகத்தில் நன்றாகப் பிடிக்க உதவும், மலிவு, அதனால் பல பேஸ் கோட்களில் இருக்கும். ஐரோப்பிய யூனியனில் 2021 முதல் ஹெமா உள்ள நகப் பொருட்களில் 'தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றும் அலர்ஜி வரலாம் என்றும் அச்சிட வேண்டும். நம் ஊரில் நகம் போடுகிறவர்களுக்கு அமெரிக்காவில் மாதிரி மாநில போர்டு லைசென்ஸ் எல்லாம் கிடையாது, அதனால் அந்த வரி பாட்டிலில் இருந்தாலும் பார்த்து மறுக்க வேண்டியவர் கடைக்காரர்தான். என் கடையில் பொதுமக்கள் அலமாரியில் ஹெமா இல்லாத பேஸ் கோட், டாப் கோட், கலர் மட்டும்தான் நிற்கும். ஹெமா இல்லை என்றால் அலர்ஜியே வராது என்று அர்த்தமில்லை, அதே குடும்பத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

லேம்ப் விஷயத்தில் நான் கறார். ஒரு பிராண்டு ஜெல்லை எடுத்துக்கொண்டு, ஆன்லைனில் வாங்கிய பெயர் தெரியாத லேம்பில் காட்டுவேன் என்றால் ஜெல்லை விற்க யோசிப்பேன். டப்பாவில் 48 வாட் என்று போட்டிருக்கும், அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த அலைநீளத்தில், நகத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதுதான் கணக்கு. இந்த ஜெல்கள் பெரும்பாலும் 365-லிருந்து 405 நானோமீட்டர் வரையிலான வெளிச்சத்தில் வேலை செய்பவை, எந்த ஜெல்லுக்கு எது என்பது அதைத் தயாரித்த கம்பெனிக்குத்தான் தெரியும். எனவே லேம்பும் ஜெல்லும் ஒரே கம்பெனியாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்த ஜெல் கம்பெனி சொல்லும் லேம்பாவது இருக்கணும். கட்டை விரலைத் தனியாக நேராக வைத்துக் காட்டச் சொல்லுங்கள், நான்கு விரலோடு சேர்த்து வைத்தால் அது சாய்ந்து ஓரத்தில் வெளிச்சம் படாது. கறுப்பும் வெள்ளையும் வெளிச்சத்தை உள்ளே விடாத நிறங்கள், மெல்லிசாக இரண்டு மூன்று கோட் போடணும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து முழு நேரம் காட்டணும்.

கவுன்டரில் அந்த ஐந்து நிமிடத்தில் நான் சொல்வது இவைதான்: தோலில் படக்கூடாது, பட்டால் லேம்பில் வைப்பதற்கு முன்னால் துடைத்துவிடணும், க்யூட்டிகிளுக்கு ஒரு முடி அளவு இடம் விடணும், கடைசியில் மேலே பிசுபிசுவென்று இருப்பது காயாத கோளாறு இல்லை, ஸ்பிரிட்டில் நனைத்த துண்டால் துடைத்தால் போய்விடும், விரலால் தேய்க்காதீங்க. அரிப்பு வந்தால் கையுறை போட்டுக்கொண்டு தொடரலாம் என்று நினைக்காதீங்க, மெல்லிய கையுறையை இந்த வேதிப்பொருள் சில நிமிடங்களில் தாண்டிவிடும். நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்க, தோலில் பொருட்களைக் கொஞ்சமாக ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். எடுக்கும்போது பிய்க்கக் கூடாது. மேல் பளபளப்பை ஃபைலால் எடுத்துவிட்டு, அசிட்டோன் பஞ்சை வைத்து ஃபாயிலில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாக இருக்கணும். பிய்த்தால் நகத்தின் மேல் அடுக்குகளும் கூடவே வரும், நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாகப் புது நகம் வர ஆறு மாதம்.

இதையே ஒரு தாளில் தமிழில் அச்சடித்துப் பையில் போட்டுவிடுகிறேன். படிப்பார்களா என்று கேட்காதீர்கள். புகார் வரும்போது அந்தத் தாள் நமக்கு உதவும்.

இனி மறுப்பவை. பவுடரோடு கலந்து செயற்கை நகம் கட்டும் அக்ரிலிக் லிக்விட், அதாவது மோனோமர், பொதுமக்களுக்குக் கிடையாது. இந்தச் சரக்கின் பூர்வீகமே பல் வைத்தியம்தான், நெயில் பாலிஷுக்குப் பெயர்போன ஓ.பி.ஐ. கம்பெனிகூட 1980-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் பல் மருத்துவப் பொருள் விற்ற கடையாக இருந்து, நகம் போடுகிறவர்கள் பல் அக்ரிலிக் வாங்குவதைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தது. லிக்விடுக்கும் பவுடருக்கும் உள்ள விகிதம் கைப்பழக்கத்தில் வருவது, ஐந்து நிமிடத்தில் எந்தக் கொம்பனாலும் சொல்லித்தர முடியாது. நம் ஊர் சூட்டில் அது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் புதியவர்கள் பதறி இன்னும் லிக்விட் சேர்ப்பார்கள், அது வழிந்து தோலுக்குப் போகும். தொழில் செய்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: மற்ற லிக்விட்களைவிடப் பாதி விலைக்கு ஒன்று வந்தால், மூக்கைத் துளைக்கும் வாசனை, இறுகிய பிறகு ஃபைல் ஏறாத கடினம், அசிட்டோனில் கரைய மறுப்பது இதெல்லாம் சேர்ந்திருந்தால் அதில் எம்.எம்.ஏ. (மெத்தில் மெத்தக்ரிலேட்) இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 1970-களிலேயே உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நடவடிக்கை எடுத்த பொருள் அது. நல்ல லிக்விட் இ.எம்.ஏ.வில் (எத்தில் மெத்தக்ரிலேட்) செய்யப்படுவது. எம்.எம்.ஏ. நகம் எங்காவது இடித்தால் உடையாது, அடியில் இருக்கும் சொந்த நகம்தான் பிய்ந்துகொண்டு வரும்.

அக்ரிலிக் நகத்தில் பிடிக்க முதலில் தடவும் ஆசிட் ப்ரைமரும் கிடையாது. மெத்தக்ரிலிக் ஆசிட் உள்ளவை தோலைச் சுடும், குழந்தை கையில் போனால் விபரீதம், அதனால்தான் அமெரிக்காவில் அதற்குக் குழந்தை திறக்க முடியாத மூடி கட்டாயம். டிரில் மெஷின் கேட்டால் மறுப்பேன், ஆனால் இதில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன், நிமிடத்துக்கு 35,000 சுற்று சுற்றும் மெஷின் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பழகாத கையில் அது ஒரே இடத்தில் இரண்டு விநாடி நின்றால் நகத்தில் பள்ளம் விழும்.

நெயில் கிளூ எல்லோரும் சாதாரணமாக நினைக்கும் பொருள். எனக்கு அதில்தான் அதிகப் பயம். குட்டி பாட்டில் கண் சொட்டு மருந்து பாட்டில் மாதிரியே இருக்கும், மருந்து வைக்கும் அலமாரியில் வைக்காதீங்க என்று ஒவ்வொரு பில்லிலும் வாயால் சொல்கிறேன். இன்னொன்று, பருத்தித் துணியிலோ பஞ்சிலோ நிறையக் கொட்டினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும், சிந்தியதைப் பஞ்சு வைத்துத் துடைக்கப் போய் புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

சரக்கு எடுக்கும் இடம் பற்றிக் கொஞ்சம். டெல்லி சதர் பஜாரிலிருந்தும் மும்பையிலிருந்தும் மலிவாக வரும், பாரிமுனையிலும் கிடைக்கும். நான் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்க லேபிளை. வெளிநாட்டு அழகுப் பொருள் என்றால் 2020 காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி இறக்குமதிப் பதிவு இருக்கணும், இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., காலாவதி மாதம் எல்லாம் அச்சில் இருக்கணும். ஸ்டிக்கர்கூட இல்லாத பாட்டிலை வாங்கிப் பொதுமக்களுக்கு விற்றால் நாளை ஒரு அலர்ஜி புகார் வந்தால் கைகாட்ட ஆள் இருக்காது. டி.பி.ஓ. (TPO) என்று ஒரு பொருள், ஜெல்லை இறுகவைக்க உதவுவது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று விலங்கு ஆய்வுகளை வைத்து வகைப்படுத்தி, 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய யூனியன் நகப் பொருட்களில் அதைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு பிராண்டு ஜெல் திடீரென்று அடிமாட்டு விலைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது பொருட்பட்டியலைத்தான்.

சென்னைக்கென்று சில தொந்தரவுகள் உண்டு. ஜெல் பாட்டிலை ஜன்னல் ஓரம் அடுக்கினால் வெயில் வெளிச்சத்திலேயே உள்ளே இறுகிவிடும், ஷோகேஸில் வைப்பது காலி பாட்டில்களாக இருக்கட்டும். கிளூ ஈரக்காற்றில் சீக்கிரம் கெடும், கொஞ்சமாக வாங்கி வைப்பதே மேல். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், விமானத்தில் போகாது, பல கூரியர்கள் எடுக்கவே மாட்டார்கள், எனவே வெளியூர் ஆர்டரில் அதைச் சேர்ப்பதில்லை. 'திரவம்' என்று மழுப்பி அனுப்பும் கடைகள் இருக்கின்றன, ஒரு பார்சல் லாரியில் பற்றிக்கொண்டால் தெரியும். அசிட்டோன் வாங்குபவரிடம் பூஜை விளக்கும் அடுப்பும் இருக்கும் அறையில் உட்காராதீங்க என்று சொல்வதும் என் வேலையாகிவிட்டது.

திருப்பி எடுப்பதில் ஆரம்பத்திலேயே கறாராக இருங்கள். திறந்த பாட்டில் திரும்ப எடுக்கப்படாது என்று பில்லில் இருக்கிறது. ஆனால் 'உரிஞ்சு வந்துடுச்சு' என்று வருபவரிடம் பில்லைக் காட்டுவதற்குப் பதில் கையைக் காட்டச் சொல்வேன், தேங்காய் எண்ணெய் தடவிய கையிலேயே போட்டிருப்பார்கள், பாதிப் புகார் அதோடு முடிந்துவிடும். பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைகளுக்கு ஜெல்லும் லேம்பும் கொடுப்பதில்லை. "அம்மா காசு குடுத்தாங்க ஆன்ட்டி" என்றால் அம்மாவைக் கூட்டி வரச் சொல்வேன், வந்த அம்மாக்கள் பலர் என்னைத் திட்டியதைவிடப் பிள்ளையைத் திட்டியதுதான் அதிகம்.

அந்தப் பிள்ளைகளுக்கும், ஒரு நாள் விசேஷத்துக்கு மட்டும் நகம் வேண்டும் என்பவர்களுக்கும் நான் எடுத்துக்காட்டுவது ரெடிமேடாக வரும் பிரஸ்-ஆன் நகங்கள், ஒட்டுவதற்கு கிளூவுக்குப் பதில் ஜெல்லி ஸ்டிக்கர். இரண்டு நாளில் கழற்றிவிடலாம், லேம்பும் வேண்டாம். கையால் சாப்பிடும் வீட்டில் சாம்பாரும் மஞ்சளும் பட்டு வெள்ளை, வெளிர் ரோஸ் கலரெல்லாம் மஞ்சளடிக்கும், அதனால் அடர் கலராகப் பார்த்துக் கொடுக்கிறேன். உண்மையில் பொதுமக்களிடம் லாபம் வருவது இதில்தான், பிறகு க்யூட்டிகிள் ஆயில், ஃபைல், சாதாரண நெயில் பாலிஷ். ஜெல் கிட் விற்றால் ஒரு வாரத்துக்கு வாட்ஸ்ஆப்பில் சந்தேகம் தீர்த்துக்கொண்டே இருக்கணும், அந்த நேரத்துக்குக் கணக்குப் போட்டால் கையில் நிற்பது சொற்பம். பிரஸ்-ஆன் வாங்குபவர்கள் சைஸ் தவறி எடுத்துப்போய்த் திரும்ப வருவார்கள் என்பது மட்டும்தான் தலைவலி, அதற்கு எண் போட்ட சாம்பிள் செட் ஒன்று கவுன்டரில் கட்டித் தொங்குகிறது, பத்து விரலையும் அளந்து பார்த்த பிறகுதான் பில் போடுவோம்.